சலுகையும் அதன் கோடும்

அன்புள்ள கயலுக்கு,

கொரோனா சமயத்தில் தேதி முடிந்த லைசென்ஸோடு யார் வேண்டுமானாலும் வண்டி ஓட்டலாம் என்றிருந்ததாக உன் தோழிகள் சொல்கிறார்களாம். அதில் பாதிதான் உண்மை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் முடங்கின. காய்கறியும் மருந்தும் ஏற்றிய லாரிகளோ ஓடியே ஆக வேண்டும். கனரக வண்டி ஓட்டுபவரின் உரிமத்துக்கு ஆயுளும் குறைவு: முன்பு மூன்று ஆண்டு, 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து. அதனால் மார்ச் 30 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது: பிப்ரவரி 1 முதல் காலாவதியாகும் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி. எல்லாம் ஜூன் 30 வரை செல்லும்.

ஜனவரி நடுவிலேயே லைசென்ஸ் முடிந்து, 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டவருக்கு இதில் இடமில்லை. நோய் வந்ததால் புதுப்பிக்க முடியாமல் போனவருக்குத்தான் சலுகை.

அந்தக் கெடு செப்டம்பருக்குப் போனது, டிசம்பருக்குப் போனது, இப்படியே நீண்டு 2021 அக்டோபர் 31இல் நின்றது. கடைசி நீட்டிப்பை, முந்தைய கெடு முடிகிற செப்டம்பர் 30 அன்றுதான் அறிவித்தார்கள். அதுவரை ஓட்டுநர் எதை நம்பி வண்டியை எடுப்பார்?

பிரிட்டனில் வேறு வழி பிடித்தார்கள். 2020 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை முடிகிற புகைப்பட உரிமம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தேதியிலிருந்து பதினோரு மாதம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் கெடு முடியாது. கவுன்ட்டரில் கூட்டமும் சேராது. நம் ஊரிலும் இப்படிச் செய்திருக்கலாம்.

இன்ஷூரன்ஸ் கதை தனி. மார்ச் 25 முதல் மே 3 வரை புதுப்பிக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மே 15 வரை மட்டுமே அவகாசம் கிடைத்தது. லைசென்ஸ் நீண்டதால் பாலிசியும் நீண்டதென்று எண்ணியவர்கள் காப்பீடே இல்லாமல் ஓட்டினார்கள்.

இப்போது இந்தச் சலுகை எதுவும் இல்லை. முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்றிருந்ததையும் 2019 திருத்தம் நீக்கிவிட்டது. செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால், தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். உன் அப்பாவின் லைசென்ஸில் தேதியைப் பார்த்துச் சொல். நாற்பது வயது தாண்டியவர் என்பதால் அவருக்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

அன்புடன்,
மாமா