மூக்கு சொல்வதும் மீட்டர் சொல்வதும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூருவில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எப்படி என்று கேட்ட கையோடு இப்போது காற்று எப்படி என்றும் கேட்கிறார்கள். பதில் தெரிந்துகொள்ள ஆளுக்கொரு வழி. சிலர் மூக்கை நம்புகிறார்கள், சிலர் செல்போனை. ஆன்லைனில் வாங்கிய ஒரு வெள்ளைப் பெட்டியை நம்புகிறவர்களும் உண்டு. காற்றிலும் தின்பண்டத்திலும் துளியினும் துளியாகக் கலந்திருக்கும் ரசாயனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரியாததால் வளர்ந்தவை இந்த நம்பிக்கைகளில் பாதி. மீதிப் பாதியை விளம்பரம் வளர்த்தது.

நம்பிக்கை: பெல்லந்தூர் ஏரியில் நாறுவது மீத்தேன். தீப்பிடிப்பதும் அந்த நாற்றம்தான்.

மீத்தேனுக்கு மணம் கிடையாது. நகரின் பல பகுதிகளுக்குக் குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான். அடுப்படியில் கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் மெர்காப்டன் வகைப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். சிலிண்டர் கேஸிலும் அப்படியே. பெல்லந்தூரில் அழுகிய முட்டைபோல் வீசுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இரண்டு வாயுக்களும் சேர்ந்தே பிறக்கின்றன என்பதால் ஒன்றின் நாற்றத்தை இன்னொன்றின் தலையில் கட்டிவிட்டோம். நாற்றம் அதிகமானால் மீத்தேனும் அதிகம் என்று கணக்குப் போடவும் முடியாது.

2015 மே மாதம் நுரையோடு தீ எரிந்த படங்கள் உலகெங்கும் போயின. 2017 பிப்ரவரியில் மறுபடியும் தீ. 2018 ஜனவரியில் பிடித்த தீயில் எரிந்தது பெரும்பாலும் காய்ந்த புல்பூண்டு. ராணுவ வீரர்கள் இறங்கித்தான் அதை அணைத்தார்கள். தண்ணீரே எரிந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நுரைக்குக் காரணம் ஏதோ ஒரு ரகசியத் தொழிற்சாலை என்ற பேச்சும் ஓயவில்லை. சுத்திகரிக்காமல் வந்து சேரும் வீட்டுச் சாக்கடையும், அதில் கரைந்துள்ள சலவைத்தூளின் நுரைக்கும் பொருட்களும்தான் பெரிய காரணம். குற்றவாளியின் முகவரி நம் துணி துவைக்கும் இடத்திலேயே இருக்கிறது.

நம்பிக்கை: செல்போனில் ஏ.க்யூ.ஐ. பச்சையாக இருந்தால் காற்றில் ரசாயனம் இல்லை.

2015இல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருட்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. பி.எம். 10, பி.எம். 2.5 என்னும் இரு வகைத் தூசுகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். எட்டையும் எல்லா நிலையங்களும் அளக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தூசு ஒன்று உட்பட மூன்று இருந்தாலே எண் வந்துவிடும். அந்த எண் சராசரியும் இல்லை. இருப்பவற்றில் எது மோசமோ அதன் எண்.

இந்த எட்டில் பென்சீன் இல்லை. புற்றுநோய் தரும் பொருள் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்டது அது. பி.எஸ். 6 பெட்ரோலில்கூட ஒரு சதவீதம் வரை அதற்கு அனுமதி உண்டு. 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர வரம்புகள் 12 பொருட்களுக்கானவை. அதில் பென்சீனுக்கு ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதாவது நூறு கோடி மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஒன்றரை. தூசோடு ஒட்டி வரும் பென்சோபைரீனுக்கு வரம்பு 1 நானோகிராம். வரம்பு இருக்கிறது, குறியீட்டில் இடம் இல்லை. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது போன் காட்டும் பச்சையோ மஞ்சளோ இவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

ஏன் சேர்க்கவில்லை என்று கோபப்படுவதற்குமுன் பென்சீனை அளக்கும் பாட்டைப் பார்க்கவேண்டும். காற்றை ஒரு சிறு குழாய்க்குள் இழுத்து, உள்ளேயுள்ள உறிஞ்சும் பொருளில் ஒட்டவைக்கிறார்கள். பிறகு சூடாக்கினால் ஒட்டியதெல்லாம் ஆவியாகிக் கிளம்பும். அந்த ஆவியை மிக மெல்லிய, பல மீட்டர் நீளமுள்ள இன்னொரு குழாயில் செலுத்தினால் பென்சீன் ஒரு நேரத்தில், டொலுயீன் ஒரு நேரத்தில், சைலீன் ஒரு நேரத்தில் என்று பிரிந்து வெளியே வரும். வந்த நேரம் ஆளைச் சொல்லும். வந்த அளவு எண்ணிக்கையைச் சொல்லும். இதுதான் கேஸ் குரோமடோகிராஃபி. இதைத் தானாகவே செய்யும் கருவிகளும் உண்டு, ஆனால் ஒரு விடை வரப் பல நிமிடங்கள் ஆகும், விலையும் பராமரிப்பும் அதிகம். பென்சோபைரீன் இன்னும் மெதுவானது. வடிதாளில் தூசைச் சேர்த்து, கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். அது போன் திரையில் நொடிக்கு நொடி மாறுகிற எண்ணாக வரவே வராது.

இன்னொரு குழப்பம், ஒரே இடத்துக்கு இரண்டு ஆப் இரண்டு எண் காட்டுவது. பி.எம். 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்றால் இந்தியக் குறியீட்டில் அது 100, 'திருப்திகரம்' என்ற படியின் விளிம்பு. அமெரிக்கக் குறியீட்டில் அதே 60 மைக்ரோகிராம் 150ஐத் தாண்டி, 'ஆரோக்கியத்துக்குக் கேடு' என்ற படியில் போய் விழும். ஒரே காற்றுதான், அளவுகோல்தான் வேறு. நாட்டுப் பெயர் போடாமல் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நம்பிக்கை: வீட்டு மீட்டரில் டி.வி.ஓ.சி. ஏறினால் வீட்டில் விஷவாயு.

அந்த வெள்ளைப் பெட்டியில் தூசை அளக்கும் பகுதி ஓரளவு பயனுள்ளது. லேசர் ஒளி தூசில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரப்பதம் ஏறினால் தூசு நீரேறிப் பருத்து, எண் கூடிவிடும். ஆனாலும் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் என்ன ஆகிறது, போடாவிட்டால் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

ஆவியாகும் கரிமப் பொருட்களின் மொத்தத்தை டி.வி.ஓ.சி. என்று காட்டும் வாயுப் பகுதி வேறு கதை. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது சூடாக்கப்பட்ட உலோக ஆக்சைடு படலம். எரியக்கூடிய எந்த ஆவி அதில் பட்டாலும் அதன் மின்தடை மாறும். பட்டது எது என்று அதற்குத் தெரியாது. சானிடைசர், கற்பூரம், நகப்பூச்சு, தோசைக்கல்லில் தேய்த்த எண்ணெய் என்று எது வந்தாலும் ஒரே பதில்தான். ஃபார்மால்டிஹைடு என்று தனியாக எண் காட்டும் மீட்டர்கள் பலவும் ஆல்கஹால் ஆவிக்கு ஏமாறும். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் 'ஈ.சி.ஓ.2' என்று காட்டப்படும் எண். அது கார்பன் டை ஆக்சைடை அளந்து வந்ததே இல்லை. மேலே சொன்ன ஆவிகளை வைத்து, இவ்வளவு ஆட்கள் அறையில் மூச்சு விட்டிருப்பார்கள் என்று போட்ட ஊகம். அறையில் ஆளே இல்லாமல் ஒரு சென்ட் பாட்டிலைத் திறந்து வைத்தால் அந்த எண் ஏறும். இதைப் பார்த்துத் தூக்கம் தொலைப்பதற்குப் பதில் சன்னலைத் திறக்கலாம்.

நம்பிக்கை: ஆய்வகம் கண்டுபிடித்துவிட்டதென்றால் அது நஞ்சு, கண்டுபிடிக்கவில்லை என்றால் இல்லவே இல்லை.

இரண்டு பாதியும் தவறு. 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கையில் போடுவது, இந்தக் கருவி இந்த முறையில் பார்க்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்பதற்கு மட்டுமே. பென்சீன் வரம்பான 5 மைக்ரோகிராமை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 3,800 கோடி பென்சீன் மூலக்கூறுகள் இருக்கும். பூஜ்யம் என்பது ஆய்வகத்தின் சொல் அல்ல. ஆகவே ஆய்வக அறிக்கை கைக்கு வந்தால் அந்தக் கருவியின் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். அது அச்சாகாத அறிக்கைக்குக் கொடுத்த பணம் வீண்.

மறுபாதிக்குக் கோபி மஞ்சூரியன் நல்ல சாட்சி. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் செயற்கை நிறங்களுக்குத் தடை போட்டது. பஞ்சுமிட்டாய்க்கு அதற்கு முந்தைய மாதமே தமிழ்நாடு தடை விதித்திருந்தது. செய்திகளில் எல்லாமே 'புற்றுநோய் ரசாயனம்' என்ற ஒரே தலைப்புக்குள் அடைபட்டன. பஞ்சுமிட்டாயில் பிடிபட்ட ரோடமின் பி துணிக்கும் தாளுக்குமான சாயம். உணவில் எந்த அளவிலும் அதற்கு இடமில்லை. ஒரு துளி தெரிந்தாலும் குற்றம்தான். டார்ட்ரசின், சன்செட் எல்லோ ஆகியவை சட்டம் அனுமதித்த நிறங்கள். குறிப்பிட்ட சில உணவுகளில், கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை போடலாம். கோபி மஞ்சூரியன் அந்தச் சில உணவுகளில் வராது. ஆகவே அதில் இருந்தால் சட்டமீறல். சட்டமீறலும் நச்சுத்தன்மையும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் பிரிக்காமல் பயமுறுத்தினால், உண்மையிலேயே ஆபத்தான ரோடமினைப் பற்றிச் சொல்லும்போது யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

நம்பிக்கை: விமான நிலையத்து இயந்திரம் வெடிமருந்தை மோந்து பிடிக்கிறது.

ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து அறை வெப்பநிலையில் ஆவியாவதே அரிது. காற்றில் தேடினால் கிடைக்காது. அதனால்தான் பெட்டியின் கைப்பிடியைத் துணித்துண்டால் துடைக்கிறார்கள். ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் குறி. துண்டைச் சூடாக்கி, எழும் ஆவிக்கு மின்னூட்டம் கொடுத்து ஒரு குழாயில் ஓடவிட்டு, எது எத்தனை மில்லிநொடியில் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். கைக்குப் பூசும் கிளிசரின் க்ரீமும், நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் அலாரத்தைக் கிளப்பலாம். மணி அடித்தால் இரண்டாவது சோதனை நடக்கும், அவ்வளவுதான்.

சந்தேகத்துக்குரிய பொடியையோ திரவத்தையோ தொடாமலே அடையாளம் காண, அதில் பட்ட ஒளி நிறம் மாறிச் சிதறுவதைப் படிக்கும் ராமன் நிறமாலைக் கருவிகள் உதவுகின்றன. ராமன் விளைவு பெங்களூருவில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1928இல் கொல்கத்தாவில் பிறந்தது. ராமன் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இங்கே வந்தது 1933இல். அதே கழகத்தில் சிவா உமாபதியின் குழு, ஒளி ஊடுருவாத டப்பாவுக்குள் இருப்பதைப் பல கோணங்களிலிருந்து பார்க்கும் ராமன் முறை ஒன்றைப் பின்னாளில் உருவாக்கியது. கட்டியாக இருக்கும் பொருளுக்கு இது அருமையான வழி. ஆனால் படும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான் இப்படிச் சிதறும் என்பதால், காற்றில் துளியாகக் கலந்ததைத் தேடச் சாதாரண ராமன் கருவி ஏற்றதல்ல. எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் ஒரே இயந்திரம் சினிமாவில் மட்டும் உண்டு.

நம்பிக்கை: நாற்றம் நின்றுவிட்டது, தீக்குச்சியும் எரிகிறது, சாக்கடைக் குழிக்குள் இறங்கலாம்.

இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பல கருவிகளுக்குக்கூட அந்தத் திறமை இல்லை. ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் நினைப்பார். போனது அவருடைய மோப்பம். 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சாய்வார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். இரட்டைச் சாவுகளும் மூன்று சாவுகளும் இப்படித்தான் நடக்கின்றன.

தீக்குச்சி சொல்வது ஆக்சிஜனைப் பற்றி மட்டும். அதுவும் 16 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் அணையும். ஆளைச் சாய்க்கும் 500 பங்கு என்பது வெறும் 0.05 சதவீதம், குச்சி நிம்மதியாக எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தாலோ குச்சியே வெடிக்கவைக்கும்.

இதற்குக் கருவி இல்லாமல் இல்லை. ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் காட்டும் கையடக்க மீட்டர் பல ஆண்டுகளாகக் கிடைக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சாருக்குள் வாயு புகுந்து மின்முனையில் வினைபுரிந்து ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். வாயு கூடினால் மின்னோட்டமும் கூடும். அந்தச் சென்சாருக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். செத்த சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். அதனால் வேலைக்கு முன் அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அது விழித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் குழாய் இறக்கி அளக்கவேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனம், அடியில் தங்கும். இத்தனையும் செய்தபின் சேற்றைக் கிளறினால் அதில் அடைபட்ட வாயு ஒரே மூச்சில் வெளியே வரும். ஐந்து நிமிடத்துக்கு முன் எடுத்த எண் அப்போது செல்லாது.

மனிதரைச் சாக்கடையில் இறக்குவதற்கு எதிரான சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னது. தெருச் சாக்கடையில் ஜெட்டிங் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் இந்த நகரத்தின் பெரிய அடுக்ககங்களில் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் (எஸ்.டி.பி.) இருக்கிறது. அந்த நிலத்தடித் தொட்டிகளின் மூடியைத் திறப்பதை முடிவு செய்கிறவர்கள் அரசு அதிகாரிகள் இல்லை. நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கங்கள்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்.டி.பி. தொட்டியை ஆள் இறங்காமல் சுத்தம் செய்ய ஒப்பந்தத்தில் இயந்திரம் எழுதப்பட்டிருக்கிறதா? நான்கு வாயு மீட்டர் இருக்கிறதா? அதைக் கடைசியாகச் சோதித்த தேதி என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை அந்த மூடியைத் திறக்க விடாதீர்கள்.