நெறி பார்த்தல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் எஸ்டேட் ஒன்றில் மான் ஸ்டாக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்ததையும், போன வாரம் ஒரு செம்மான் பெட்டையை நீயே சுட்டு, நீயே திறந்து, மலையிலிருந்து இறக்கியதையும் எழுதியிருந்தாய். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். அவருக்கு மான் வேட்டை என்றாலே நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கோர்ட்டும்தான் நினைவுக்கு வரும். நானே போன் செய்து பக்குவமாகச் சொல்கிறேன். ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்ட மலைகள் அவை. மான் கூட்டத்தைக் குறைக்க மனிதனை விட்டால் வேறு ஆள் இல்லை. குறைக்காவிட்டால் அங்கே ஒரு பைன் கன்று முழங்கால் உயரம் வளர்வதே பெரும்பாடு.

கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். "வயிற்றைத் திறந்ததும் பெரியவர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும்?"

நீ மலையில் மானோடு கட்டி அனுப்புகிற அட்டையின் மறுமுனையில் நின்றவன் நான். வேட்டை இறைச்சிக் கூடத்தில் கால்நடை மருத்துவனாகப் பல குளிர்காலங்கள் அந்த அட்டைகளைப் படித்திருக்கிறேன். ஆட்டுத்தொட்டியில் உடலும் உள்ளுறுப்பும் பக்கம் பக்கமாகத் தொங்கும். டாக்டர் இரண்டையும் பார்த்து முத்திரை குத்துவார். மலையில் அப்படி இல்லை. குடலும் இரைப்பையும் ஹீத்தர் புதரிலேயே கிடக்கும். ஈரலும் நுரையீரலும்கூடப் பெரும்பாலும் கூடத்துக்கு வருவதில்லை. தோலோடு ஒரு வெற்றுக் கூடு வரும், கூடவே எண்ணிட்ட அட்டை ஒன்று வரும். கொன்ற நாள், நேரம், இடம், கொல்லும் முன் நடத்தையில் கோளாறு இல்லை, உறுப்புகளில் கோளாறு இல்லை, சுற்றுப்புறத்தால் மாசுபட்ட சந்தேகம் இல்லை, கீழே கையெழுத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 விதி போட்ட ஏற்பாடு இது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் தொடர்கிறது. பயிற்சி பெற்ற வேட்டைக்காரர் 'இல்லை' என்று எழுதிவிட்டால் தலையும் உறுப்புகளும் கூட வர வேண்டியதில்லை. அதாவது அந்த மானின் ஈரலை இந்த உலகத்தில் பார்த்த ஒரே ஆள் நீதான்.

ஒரு டிசம்பர் காலை. குளிரறையில் தொங்கிய ஓர் ஆண்மானின் மார்புக்கூட்டுக்குள் டார்ச் அடித்தேன். விலா எலும்பின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளப்பாக இருக்க வேண்டும். அதில் வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் நெருடினேன். நுரையீரலின் கிழிந்த துணுக்குகள். என்றோ மார்புச் சவ்வு அழன்று, நுரையீரல் விலாவோடு ஒட்டிப்போயிருக்கிறது. திறந்தவர் அதைப் பிய்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். கைக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அட்டையில் 'கோளாறு இல்லை' என்றிருந்தது. போன் செய்தேன். அவர் சொன்ன பதிலை நம் மொழியில் சொன்னால், "நான் ஒன்றும் பார்க்கவில்லை."

நம் பேச்சில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு, கவனித்தாயா? தேடியும் கண்ணில் ஒன்றும் படவில்லை என்பது ஒன்று. தேடவே இல்லை என்பது இன்னொன்று. அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மானைக் கழித்துக் கட்டினோம். உன் அட்டையில் வரும் 'இல்லை' முதல் வகையாக இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

பார்வை துப்பாக்கிக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பைனாகுலரில் மந்தையைப் பார்க்கும்போதே பார். தனியே ஒதுங்கி நிற்பது எது, எல்லாம் ஓடும்போது பின்தங்குவது எது, நொண்டுவது எது, வாலடியில் கழிச்சல் அப்பியிருப்பது எது, மனிதனைக் கண்டும் மிரளாதது எது. மான் விழுந்த பிறகு வாயைத் திற. நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். 2001இல் பிரிட்டனில் கோமாரி பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அடக்கினார்கள். அந்த ஊர் விவசாயிகளிடம் இன்றும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது. இன்னொன்று: மலையில் தானாகச் செத்துக் கிடக்கும் மானின் மேல் கத்தி வைக்காதே. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பானாக இருக்கலாம். திறந்தால் காற்றுப்பட்டு அந்தக் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது வயிறு. அதைத் திறந்து உள்ளுறுப்புகளை எடுப்பதை அங்கே 'கிராலக்' என்பார்கள்; குடலைக் குறிக்கும் கேலிக் சொல்லிலிருந்து வந்தது. உனக்கு நம் கறிக்கடைச் சொற்களே போதும். இரைப்பையோடு ஒட்டியிருக்கும் மண்ணீரலை நம்மவர்கள் சுவரொட்டி என்கிறார்கள் அல்லவா, அதைவிடப் பொருத்தமான பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை. அதன் ஓரம் மெலிந்து இருக்க வேண்டும். உப்பிக் கறுத்து, தொட்டால் கூழாகப் போனால் கத்தியைக் கீழே வை. குண்டிக்காயைச் சுற்றிக் கொழுப்பு இருக்கிறதா பார். குளிர்காலத்தின் தொடக்கத்திலேயே அது கரைந்துபோயிருந்தால் மானை உள்ளிருந்து ஏதோ தின்றுகொண்டிருக்கலாம், மற்ற இடங்களை இருமடங்கு கவனத்தோடு தேடு.

ஈரலில் நான் அவமானப்பட்ட கதையைச் சொல்கிறேன். நம் அப்பத்தா ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார். "ஓரம் கத்தி மாதிரி இருக்கணும், மேல வழுவழுன்னு இருக்கணும்" என்பார். பிறகு பித்தப்பையை உடைக்காமல் எடுத்தார்களா என்று முகர்வார். உடைந்தால் ஈரல் கசக்கும். அந்தப் படிப்போடும் அதற்கு மேல் ஒரு பட்டத்தோடும் ஸ்காட்லாந்து போனேன். முதல் நாள் மலையில் ஒரு முதிய ஸ்டாக்கர் மானைத் திறந்து ஈரலை என் கையில் கொடுத்தார். திருப்பினேன். பித்தப்பையைக் காணோம். பிய்ந்துவிட்டதா, உள்ளே கொட்டிவிட்டதா என்று வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கிழவர் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: மானுக்குப் பித்தப்பை கிடையாது, டாக்டர். ஆட்டையும் மாட்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மானைப் பார்த்தவனுக்கு, நலமான மானே நோயாளியாகத் தெரிந்தது.

அன்று அவரே இன்னொரு ஈரலைக் காட்டினார். மேலே வெளிறிய தழும்புக் கோடுகள், ஓரம் மழுங்கியிருந்தது. குறுக்கே ஒரு கீறல் போட்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். தடித்த பித்தக்குழாயிலிருந்து பழுப்பு நிறத்தில், சின்ன இலை போலத் தட்டையாக ஒன்று வழுக்கி வந்து அவர் கையுறையில் மெதுவாகச் சுருண்டது. ஈரல் புழு. சதுப்பில் வாழும் நத்தையின் உடலில் வளர்ந்து, புல்லில் ஒட்டிக்கொண்டு, மேயும் வாய்க்குள் போவது. ஹைலாண்ட்ஸ் போன்ற ஈர நிலத்தில் இது அதிசயமில்லை. அந்த ஈரல் சாப்பிட உதவாது. உடம்பு நன்றாக இருந்தால் இறைச்சிக்குக் கெடுதல் இல்லை. ஆனாலும் அட்டையில் எழுது. கண்டதை எழுதிவிட்டால் அதைத் தள்ளுவதா வைப்பதா என்று தீர்மானிக்க ஆள் இருக்கிறது. எழுதாமல் விட்டால் தீர்மானித்தவன் நீ என்று ஆகிவிடும்.

நுரையீரலைக் கண்ணால் பார்த்தது போதாது. இளஞ்சிவப்பாக, பஞ்சு போல இருக்கும். உள்ளங்கையை வைத்து நுனிவரை அழுத்திக்கொண்டே போ. அரிசி மூட்டைக்குள் கல் அகப்படுவது போல ஏதாவது கட்டியாகத் தட்டுப்பட்டால் அங்கே நில். பின்மடல்களில் நிறம் மாறிக் கெட்டிப்பட்டிருந்தால் மூச்சுக்குழாயை நீளவாக்கில் பிளந்து பார். வெள்ளை நூல் போலப் புழுக்கள் இருக்கலாம்.

இனி நெறி. தொண்டைப் புண் வந்தால் அம்மா தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்பாரே, அதே கணுக்கள்தான் மானுக்கும். உடம்பில் எங்கே கிருமி நுழைந்தாலும் பக்கத்து நெறி முதலில் வீங்கும். ஆறு இடங்களை மனப்பாடம் செய்துகொள்: தாடைக்கு அடியில், தொண்டையின் பின்புறம், மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடத்தில், இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், ஈரலின் வாசலில், குடலைத் தாங்கும் சவ்வில் அவரை விதைகளைக் கோர்த்தது போல வரிசையாக. ஒவ்வொன்றையும் விரலால் தேடிப் பிடி. ஒன்று மட்டும் பெருத்திருந்தால் சந்தேகப்படு.

நெறியில் நாம் முக்கியமாகத் தேடுவது காசநோயை. மாட்டில் காசக்கட்டியை அறுத்தால் சுண்ணாம்பு படிந்து கத்தியில் மணல் போல நறநறக்கும். மானில் பல சமயம் அப்படி இருக்காது. வெறும் சீழ்க்கட்டி போல, பாலாடை நிறத்தில் வழியும். முள் குத்திச் சீழ் வைத்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குறிப்பாகத் தொண்டையின் பின்புற நெறி. தலையை அறுத்து எறிந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும். 2009 முதல் ஸ்காட்லாந்து மாட்டுக் காசநோய் அற்ற பகுதி என்ற அந்தஸ்தோடு இருக்கிறது. 'இங்கேதான் இல்லையே' என்று கைகள் சோம்பிவிட அதுவே காரணமாகிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மேலும் அறுக்காதே. தலை, ஈரல், நுரையீரல், இதயம், உடல் எல்லாவற்றையும் மற்ற மான்களிலிருந்து பிரித்து வை. கால்நடை அதிகாரிகளுக்குச் சொல். காசநோய்ச் சந்தேகத்தைத் தெரிவிப்பது அங்கே சட்டக் கடமை. கத்தியைக் கொதிநீரில் போடாமல் அடுத்த மானைத் தொடாதே.

நோயே இல்லாத மானையும் நாம் கெடுத்துவிடலாம். குண்டு வயிற்றில் பட்டு இரைப்பை கிழிந்தால் பச்சைச் சாறு எங்கும் பரவும். 2015இல் ஸ்காட்லாந்தில் மான் இறைச்சி வழியாக ஈ.கோலை ஓ157 தொற்று பரவிச் சிலர் நோயுற்றார்கள். அந்தக் கிருமி மானின் குடலில் எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். அழுக்குப் பட்ட இடத்தைக் கழுவாதே, அது மேலும் பரவும். தாராளமாக அரிந்து எறி. கூடத்துக்கு வந்ததும் தாமதிக்காமல் குளிரறையில் ஏற்று. 7 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும்.

கண்ணும் கையும் எட்டாத நோயும் உண்டு. 1967இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தென்பட்ட, மானை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய் அப்படிப்பட்டது. 2016இல் அது நார்வேயின் காட்டுக் கலைமானில் தெரிந்தது. அந்த ஒரு மந்தையில் 2,000க்கும் மேற்பட்ட கலைமான்களை அரசே சுட்டு ஒழித்தது. பிரிட்டனுக்கு அது வரவில்லை. வந்தால் ஈரலிலோ நெறியிலோ உன் கைக்கு அகப்படாது, ஆய்வகத்தில்தான் தெரியும். அதற்கு முன்னால் காட்டிக்கொடுப்பது மெலிந்த உடம்பும், தொங்கிய தலையும், தள்ளாட்டமும்தான். அதனால்தான் பைனாகுலரிலிருந்தே தொடங்கு என்றேன்.

இவ்வளவும் படித்தால் பயமாக இருக்கும். உண்மையில் ஒரு மானுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டும். ஆலங்கட்டியோடு மழை பக்கவாட்டில் அடிக்கும். விரல் மரத்துப்போகும். இன்னும் இரண்டு மான்களை வண்டிவரை இழுக்க வேண்டும். எல்லாக் கோளாறும் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் வரிசையை மாற்றாதே. கோயிலைச் சுற்றுகிறவன் எந்தப் பிரகாரத்தையும் விடாமல் சுற்றுவது போல, ஒரே வரிசை, ஒவ்வொரு மானுக்கும். தலைவிளக்கின் பேட்டரியைக் காலையிலேயே மாற்று.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். ஒரு சின்ன நோட்டு வாங்கு. நோயுற்றதை எழுத வேண்டாம், அது தானாக நினைவில் நிற்கும். இந்தப் பருவத்தில் நீ திறக்கிற முதல் ஐம்பது நலமான மான்களை எழுது. ஈரலின் நிறம் என்ன, ஓரம் எப்படி, குடல் நெறி எவ்வளவு பெரிது, குண்டிக்காயில் எத்தனை விரல் கொழுப்பு. ஐம்பத்தொன்றாவது மானில் ஏதாவது மாறியிருந்தால், அது என்னவென்று உனக்குப் பெயர் தெரியாவிட்டாலும் உன் கை நின்றுவிடும். அப்படிக் கை நின்றால் போதும். பெயர் வைக்க என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

பருவம் முடிந்ததும் அந்த நோட்டை எனக்கு அனுப்பு. நடுவில் ஒரு நாள், ஓரம் கத்தி மாதிரி இருக்கிற இளம் மானின் ஈரலாக ஒன்று கிடைத்தால், பெரியவரிடம் கேட்டு வாங்கிக்கொள். சின்ன வெங்காயம் அங்கே கிடைக்காவிட்டால் பெரியதே போதும். மிளகைக் கொரகொரப்பாக இடித்துப் போடு, உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவை. சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குப் போன் செய். அதற்குள் நான் பேசியிருப்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்