பழைய பாட்டு, புது வாத்தியம்

கேள்வி: ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்துக்கு 1943-இலேயே இசைத்தட்டு வந்துவிட்டதே, 2019 மறுமேடையேற்றத்தின் ஒலிப்பதிவை எதற்காகக் கேட்க வேண்டும்?

பதில்: வாத்தியங்களுக்காகவே கேட்கலாம்.

ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் மெட்டமைத்து ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய பாடல்களை 1943-இல் டெக்கா நிறுவனம் மூல நடிகர்களையே பாடவைத்துப் பதிந்தது. அதில் முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்கும். அன்றைய தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். பாட்டும் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

டேனியல் ஃபிஷ் இயக்கிய 2019 பிராட்வே தயாரிப்பில் இருந்தவர்கள் ஏழே வாத்தியக்காரர்கள். டேனியல் க்ளூகரின் வாத்திய இசைக்கோர்ப்பில் பாஞ்சோவும் மாண்டலினும் கிராமத்துத் திண்ணைக் கச்சேரி போல ஒலிக்கின்றன. மெட்டு மாறவில்லை, ஆனால் உற்சாகத்துக்கு அடியில் ஒரு மிரட்டல் ஓடுகிறது. நாடகத்தில் பண்ணையாளாக வரும் ஜட்டின் தனிமைப் பாட்டைக் கேட்டால் அது புரியும்.

கண்ணுக்கானவை மட்டும் தட்டில் கிடைக்காது. ஏடோ ஆனி பாத்திரத்தில் பாடிய ஆலி ஸ்ட்ரோக்கர், டோனி விருது பெற்ற, சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் முதல் நடிகர். ஒலிப்பதிவில் அவருடைய குறும்புக் குரல் மட்டுமே வரும். இடைவேளையில் பார்வையாளர்களுக்குச் சோள ரொட்டியும் சில்லியும் பரிமாறினார்களாம். அதற்கு எந்த ஸ்பீக்கரும் ஈடில்லை!