ஃபார்வர்டு செய்தவரும் குற்றவாளிதான்

சட்டக் கேள்வி-பதில்
(சிறார் பாலியல் வதைப் படங்கள் பற்றி வந்த கடிதங்களுக்கு சங்கரன்கோவில் வழக்கறிஞர் பதில் அளிக்கிறார்.)

கே: சிறார் ஆபாசப் படத்தைத் தனியாக டவுன்லோடு செய்து பார்ப்பது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே?
– வாசகர், ராஜபாளையம்

ப: பழைய பேப்பரை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்தத் தீர்ப்பு 2024 ஜனவரி 11-இல் வந்தது. அம்பத்தூர் இளைஞர் ஒருவரின் போனில் அப்படி இரண்டு வீடியோக்கள் இருந்தன. அவர் யாருக்கும் அனுப்பவில்லை, பார்த்தார், அவ்வளவுதான் என்று வழக்கை ரத்து செய்தார்கள். ஜஸ்ட் ரைட்ஸ் ஃபார் சில்ட்ரன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் சந்திரசூட், பர்திவாலா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்கு நடக்கட்டும் என்று அனுப்பியது.

போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) 15-ஆம் பிரிவில் மூன்று படிகள் உண்டு. பிறருக்குக் கொடுக்கும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தால் முதல் முறை குறைந்தது 5,000 ரூபாய் அபராதம். அனுப்பவோ பரப்பவோ வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை. காசு பண்ண வைத்திருந்தால் 3 முதல் 5 ஆண்டு வரை. உண்மையில் அனுப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வைத்திருந்த விதத்திலிருந்து எண்ணத்தை ஊகிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். போனில் சேமிக்காமல் ஆன்லைனிலேயே பார்த்தாலும், அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் ‘வைத்திருந்தது’தான். இது போக, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு தேடுவது, பார்ப்பது, டவுன்லோடு செய்வது எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குற்றமாக்குகிறது: 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். அந்தப் பிரிவு 2009-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கே: என் போன், என் ரூம், என் நெட். போலீசுக்கு எப்படித் தெரியும்?
– கல்லூரி மாணவர், பெயர் இல்லை

ப: பெயர் போடாததிலேயே பாதி பதில் இருக்கிறது. அமெரிக்காவில் என்சிஎம்இசி என்ற அமைப்பு இருக்கிறது. அந்நாட்டு இணைய நிறுவனங்கள் தங்கள் சேவையில் இப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால் அதனிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அது அங்கே சட்டம். 2019-இல் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து வரும் தகவல் டெல்லி, சென்னை வழியாக மாவட்டத்துக்கு வந்து சேரும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார். அம்பத்தூர் வழக்கும் இப்படி வந்த கடிதத்தில் தொடங்கியதுதான்.

தம்பி, பயத்தில் கேட்கிறீர்களா, கையை நிறுத்த முடியாமல் கேட்கிறீர்களா தெரியவில்லை. இரண்டாவது என்றால் இன்றே 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம். வெட்கப்பட வேண்டிய இடம் அது இல்லை.

கே: எங்கள் விசைத்தறி வாட்ஸ்அப் குழுவில் 200 பேர். எவனோ ஒருவன் கண்டதைப் போட்டால் அட்மின் நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?
– அட்மின், சங்கரன்கோவில்

ப: அவன் போட்டதற்காக மட்டும் போக வேண்டாம். இதே மாதிரி ஒரு போக்சோ வழக்கில், உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பல்ல என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது உங்கள் சொந்தத் தப்பு. ஆளை நீக்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். புகார் கொடுங்கள்.

கே: ஒரு சிறுமியை ஒருவன் கொடுமை செய்யும் வீடியோ வந்தது. “இவன் பிடிபடும் வரை ஷேர் செய்யுங்கள்” என்று இருந்தது. நல்ல எண்ணத்தில் நானும் நாலு குழுவில் போட்டேன். தப்பா?
– சமூக ஆர்வலர், கரிவலம்வந்தநல்லூர்

ப: தப்புதான். பெரிய தப்பு. இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே திட்டுகிறேன்.

நீங்கள் அனுப்பியது செய்தி இல்லை. ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு. குற்றவாளியின் முகம் அதில் பாதிதான் தெரியும். பிள்ளையின் முகம் முழுசாகத் தெரியும், யூனிஃபார்ம் தெரியும், சில நேரம் வீட்டு வாசல்கூடத் தெரியும். நான் பார்த்த ஒரு வழக்கில், பிள்ளையின் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததே பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனைப் பார்த்துத்தான். அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரும் ‘விழிப்புணர்வு’க்காகத்தான் அனுப்பியிருந்தார்கள். கீழே அழும் பொம்மைகள், கோபப் பொம்மைகள். புகார் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை.

சட்டம் விதிவிலக்குத் தருவது இரண்டுக்குத்தான்: முறைப்படி புகார் செய்வது, நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டுவது. “நல்ல எண்ணம்” அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளையின் அடையாளம் வெளியானால் பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை தனி தண்டனை உண்டு. ஊரெல்லாம் சுற்றிய பிறகு அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும்? நாலு குழுவிலும் “எல்லாருக்கும் நீக்கு” போடுங்கள். வந்த எண், நேரம், குழுவின் பெயர் எழுதிக்கொண்டு, முதலில் வந்த மெசேஜ் இருக்கிற போனோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். இன்ஸ்பெக்டரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பாதீர்கள். போனை நேரில் காட்டுங்கள்.

தெரியாத லிங்க்கைத் தொட்டு இப்படி எதுவும் திறந்துவிட்டால் மூடுங்கள். ஆனால் மூடியதோடு பொறுப்பு தீராது, புகார் செய்தால்தான் தீரும் என்று உச்ச நீதிமன்றத்தின் அந்த 2024 தீர்ப்பில் உதாரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஷேர் பட்டனைத் தேடும் விரல் புகார் பட்டனையும் ஒரு நாள் தேடட்டும்.

கே: ரிப்பேருக்கு வந்த போனில் பேக்கப் எடுக்கும்போது சிறு பிள்ளைகளின் மோசமான படங்கள் கண்ணில் பட்டன. கஸ்டமர் தெரிந்தவர். என்ன செய்வது?
– செல்போன் கடைக்காரர், சங்கரன்கோவில்

ப: தெரிந்தவர் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். போக்சோ 20-ஆம் பிரிவு ஸ்டுடியோ, லாட்ஜ், மருத்துவமனை என்று பட்டியல் போட்டு, கண்ணில் பட்டால் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. “செல்போன் கடை அதில் இல்லையே” என்று வாதாட வராதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்ல வேண்டியது 19-ஆம் பிரிவின்படி எல்லார் கடமையும். சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவில் இருக்கிறது.

வேலையை நிறுத்துங்கள். எடுத்த வரை உள்ள பேக்கப்பைத் தொடாதீர்கள், போலீசிடம் சொல்லிவிடுங்கள். “ஆதாரத்துக்கு” என்று பென் டிரைவில் காப்பி எடுப்பதுதான் எல்லாரும் செய்யும் முட்டாள்தனம். அந்தக் காப்பி உங்கள் கையில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் மத்திய அரசின் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெயரில்லாமலும் புகார் தரலாம்.

கே: மகளுக்கு 16. பழகிய பையனுக்குத் தன் படத்தை அனுப்பியிருக்கிறாள். இப்போது அவன், ஏஐ வைத்து இன்னும் மோசமாக மாற்றிப் போடுவேன் என்று மிரட்டுகிறான். புகார் கொடுத்தால் மகளையும் பிடிப்பார்களோ?
– ஒரு தாய், புளியங்குடி

ப: அம்மா, முதலில் மகளை அடிக்காதீர்கள், போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். அவள் இங்கே பாதிக்கப்பட்டவள். 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் எடுபடாது. அவளாகவே அனுப்பினாள் என்பது அவனைக் காப்பாற்றாது.

ஏஐ என்றால் தப்பிக்கலாம் என்று அவன் நினைத்தால் அதுவும் பொய்க்கணக்கு. போக்சோவின் 2019 திருத்தத்தில் சேர்ந்த வரையறை, நிஜக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கம்ப்யூட்டரில் உருவாக்கிய படத்தையும், குழந்தைபோலத் தெரியும்படி மாற்றிய படத்தையும் சேர்த்தே சொல்கிறது. அவனும் 18-க்குக் கீழ் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருங்கள். அவனோடு பேரம் பேச வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், நிலையத்துக்கு மகளோடு நீங்களும் போங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை எடுக்கும் போலீசார் சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் அவளை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது, கேட்டுப் பெறுங்கள். ‘டேக் இட் டவுன்’ என்ற என்சிஎம்இசி-யின் இலவசச் சேவையும் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டுப் போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் போய், அந்தச் சேவையில் சேர்ந்த தளங்களில் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவும். தைரியமாக இருங்கள்.

கே: பேரன் அம்மணமாகக் குளிக்கும் பழைய போட்டோ ஆல்பத்தில் இருக்கிறது. எரித்துவிடவா?
– தாத்தா, சிவகிரி

ப: வேண்டாம் ஐயா. பாலியல் செயலையோ, பிள்ளையை ஆபாசமாகவோ காட்டும் படத்தைத்தான் சட்டம் சொல்கிறது. ஸ்டேட்டஸில் மட்டும் வைக்காதீர்கள்.

கே: போக்சோ பெண் பிள்ளைகளுக்குத்தானே?
– வாசகர், திருவேங்கடம்

ப: இல்லை. 18-க்குக் கீழ் எல்லாப் பிள்ளைக்கும்.

கே: கேஸ் ஆகிவிட்டது. “வைரஸ்தான் டவுன்லோடு செய்தது” என்று சொல்லலாமா?
– பெயர் வேண்டாம்

ப: உண்மை என்றால் சொல்லுங்கள், எந்த ஃபோல்டரில், எந்தத் தேதியில், எத்தனை முறை திறந்தது என்று தடயவியல் ஆய்வகம் பார்த்துச் சொல்லும். பொய் என்றால் வேறு வக்கீலைப் பாருங்கள்.