நிற்கும் மரத்தின் விலை

நுழையும்முன்

வெட்டி விற்றால் ஒருமுறை வருவாய். நிற்கவிட்டால் ஆண்டுதோறும் வருவாய். கணக்கு எளிதுதான். எனினும் காட்டோர ஊர்களில் அது எளிதில் நடைமுறைக்கு வருவதில்லை. அதற்கான காரணங்களை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் காடுகளையும் வயல்களையும் முன்வைத்து ஆராய்கிறது இவ்வுரைநடை.

இரு உலகங்களின் எல்லை

ஓசூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் ஒன்றரை மணி நேரப் பயணத்திற்குள் இரண்டு உலகங்களைக் காணலாம். தமிழ்நாடு அரசு 1971ஆம் ஆண்டு தொடங்கிய சிப்காட் நிறுவனம் அமைத்த தொழில் வளாகத்தால், கர்நாடக எல்லையில் இருந்த ஒரு சிற்றூர் ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் மின்னணுப் பொருள்களும் உருவாகும் நகரமாக வளர்ந்தது. பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அதே சாலையில் தேன்கனிக்கோட்டையைக் கடந்து அஞ்செட்டி, உரிகம் என்று சென்றால் ஆலைகள் மறைந்து மலைகள் எழுகின்றன. தேனும் கனியும் ஊர்ப்பெயரிலேயே அமைந்திருப்பது எண்ணத்தக்கது. அப்பெயரின் வரலாறு வேறாக இருக்கலாம். பொருள் மட்டும் அந்நிலத்திற்கு நன்கு பொருந்துகிறது.

இக்காடுகளின் ஒரு பகுதி 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. இவை கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு தொடர்ந்து, யானைகளின் பெருவழியாக அமைகின்றன. காட்டை ஒட்டியும் காட்டினுள்ளும் இருளர் உள்ளிட்ட மக்கள் வாழ்கின்றனர். புளி, நெல்லி, தேன், கடுக்காய், புங்கன் விதை, சீமாற்றுப் புல் ஆகியவை இத்தகைய காடுகள் தரும் பொருள்கள். மரத்தை வீழ்த்தாமல் பெறும் இவற்றைச் சிறு வனமகசூல் என்று அழைப்பது அரசு வழக்கு. ‘சிறு’ என்னும் அடைமொழி மரக்கட்டையோடு ஒப்பிட்டு வைக்கப்பட்டது. அதைச் சேகரிக்கும் குடும்பத்திற்கு அவ்வருவாய் சிறியதன்று.

சந்தனமும் புளியும்

ஒரே மலையில் வளரும் இரண்டு மரங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சந்தனத்தின் மதிப்பு அதன் வைரத்தில் உள்ளது. வைரம் திரள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வேரிலும் எண்ணெய் மிகுதியாதலால் மரத்தை அடியோடு பெயர்த்தே எடுப்பர். ஆகவே, சந்தனத்தின் விலை உயர உயர அம்மரம் நிற்பதற்கான வாய்ப்புக் குறைந்தது. இம்மலைத்தொடர்களில் நடந்த சந்தனக் கடத்தலை நாடறியும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களின் வரிசையில் சேர்த்துள்ளது.

புளியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் விலை உயர்ந்தால், மரம் நிற்பதையே உரிமையாளர் விரும்புவார். விதையிலிருந்து வளரும் புளி காய்ப்பதற்கு எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை ஆகலாம். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலும் காய்க்கும். ஆழ வேரூன்றுவதால் மழை பொய்த்த ஆண்டிலும் தாக்குப்பிடிக்கும். பாட்டன் நட்ட மரத்தில் பேரன் பழம் உலுக்குவது இப்பகுதியில் இயல்பான செய்தி. உரிகம் என்னும் ஊரின் பெயரையே தாங்கிய ஒரு புளி வகை தோட்டக்கலை நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. ஆலையின் பெயரால் அன்றி ஒரு பழத்தின் பெயரால் ஓர் ஊர் நூலேறியிருப்பது இம்மாவட்டத்தார் பெருமைகொள்ளத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

நம் சமையலில் இரண்டறக் கலந்துவிட்ட புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்பது தாவரவியலார் முடிவு. ஆயினும் அராபியர் அதனை ‘இந்தியப் பேரீச்சை’ என்னும் பொருளில் ‘தமர் ஹிந்தி’ என்றனர். ஐரோப்பிய மொழிகளில் புளிக்கு வழங்கும் பெயர்கள் இதிலிருந்து பிறந்தவை. மூன்று மொழிகள் கலந்து வழங்கும் ஓசூரில், தமிழரின் புளி கன்னடரின் ‘ஹுணசே’ ஆகவும் தெலுங்கரின் ‘சிந்த’ ஆகவும் விளங்குகிறது.

பழம் கைமாறும் வழி

தை முதல் பங்குனி வரை புளியின் அறுவடைக்காலம். கிளைகளில் ஏறி உலுக்குவோரும் துறட்டியால் பறிப்போரும் ஆண்கள். கீழே பொறுக்குவோர் பெரும்பாலும் பெண்கள். பின்னர் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி நீக்கும் பணி வீட்டுத் திண்ணைகளில் நடைபெறுகிறது. பொதுவாக 100 கிலோ காயில் 55 கிலோ அளவு சதையும், 34 கிலோ அளவு கொட்டையும், எஞ்சியது ஓடும் நாருமாக இருக்கும். உண்ணும் பொருள் பாதிக்குச் சற்றே மிகுதி. இந்த விகிதத்தை அறிந்தால்தான், யார் எந்நிலையில் விற்கிறார் என்பதன் முக்கியத்துவம் விளங்கும்.

கையில் பணமில்லாத குடும்பம், மரம் பூத்திருக்கும்போதே வணிகரிடம் முன்பணம் பெற்று மகசூலைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறது. காய்ப்பின் அளவு தெரியும் முன்னரே விலை முடிவாகிவிடுகிறது. அடுத்த நிலையில் இருப்பவர் பழத்தை ஓட்டோடு விற்கிறார். ஓடும் கொட்டையும் நீக்கி, உலர்த்தி, குளிர்பதனக் கிடங்கில் வைத்து, வரத்துக் குறைந்த மாதங்களில் விற்பவரே முழுப்பயனைப் பெறுகிறார். வெப்பத்தில் வைத்த புளி கறுத்துவிடும். கறுத்த புளிக்கு விலை குறைவு. எனவே, கிடங்கு வசதியே இங்குப் பேரம் பேசும் ஆற்றலாகிறது. மரமேறுவோரும் கொட்டை தட்டுவோரும் மிகுந்த உழைப்பைத் தந்தும், அந்த ஆற்றல் அவர்களிடம் இல்லை.

கழிவென்று தோன்றும் கொட்டைக்கும் தனிச்சந்தை உண்டு. வறுத்துத் தோல் நீக்கி அரைத்த புளியங்கொட்டை மாவு, நெசவுத் தொழிலில் பாவு நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகிறது. சணல் ஆலைகளும் துணியில் அச்சிடுவோரும் உணவுத் தொழிலாரும் அதனை வாங்குகின்றனர். திண்ணையில் குவியும் கொட்டை தொழிற்சாலைக்குரிய மூலப்பொருள் என்பதை அதைத் தட்டி எடுப்பவர் அறிந்திருந்தால், அதன் விலையையும் கேட்பார்.

சாலையோரப் புளியமரங்களின் மகசூலை அரசுத் துறைகளும் ஊராட்சிகளும் ஆண்டுதோறும் ஏலம் விடுவது நீண்டகால வழக்கம். சாலைகள் நான்கு வழியாகவும் ஆறு வழியாகவும் அகலும்போது முதலில் வீழ்வன அம்மரங்களே. அங்கு இழப்பீட்டைக் கணக்கிடுவோர் கட்டையின் எடையைப் பார்க்கின்றனர். இனிவரும் ஐம்பது ஆண்டுகளின் பழத்தை யார் கணக்கிடுவர்?

பறிக்கும் முறை

மரத்தை வெட்டவில்லை என்பதனாலேயே காடு காக்கப்பட்டதாகக் கருதிவிடலாகாது. நெல்லிக்காய் பறிக்க ஏறுவதற்கு மாறாகக் கிளையையே வெட்டிச் சாய்த்தால் அடுத்த ஆண்டுக் காய்ப்புக் குன்றும். தரையில் விழும் கனிகளை மான்கள் உண்டு, விதைகளைத் தொலைவில் உமிழ்கின்றன. ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்துவிட்டால் புதிய நெல்லிக் கன்றுகள் முளைக்க வழியில்லை. நெல்லியைப் பற்றும் புல்லுருவியும் மரத்தை நலிவுறச் செய்யும். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில் சோளகரும் ஆய்வாளர்களும் இணைந்து நெல்லியின் விளைவை மதிப்பிட்டபோது, புல்லுருவியை நீக்குவதும் மரம் காக்கும் பணியே என்பது கருத்தில் கொள்ளப்பட்டது.

தேனெடுப்பிலும் இத்தகைய நுட்பம் உண்டு. பெரிய மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் பெருந்தேனீ, கிளையை ஒட்டிய தடித்த மேற்பகுதியில் தேனையும் கீழ்ப்பகுதியில் புழுக்களையும் வைக்கும். தேனடையை முழுவதும் அறுத்துப் பிழிந்தால் புழுக்கள் அழியும். தேனும் கலங்கி விலை குறையும். தேன்பகுதியை மட்டும் அறுத்தால் இரண்டும் தப்பும். 1993இல் தொடங்கப்பெற்ற கீஸ்டோன் அறக்கட்டளை, கோத்தகிரியை இடமாகக் கொண்டு நீலகிரிப் பழங்குடியினரோடு இத்துறையில் பணியாற்றி வருகிறது. முறையாக எடுத்த தேனுக்கு உரிய விலை தராமல், முறையாக எடுக்குமாறு அறிவுரை கூறுவதால் விளையும் பயன் சிறிது.

உரிமையும் விலையும்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காலங்காலமாகச் சேகரித்து வந்த சிறு வனமகசூலின் மீது பழங்குடியினருக்கும் பிற மரபுவழி வனவாசிகளுக்கும் உடைமையுரிமை அளித்தது. தமிழ்நாட்டிலோ, 2008ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமை ஆவணங்கள் வழங்குவது தடைப்பட்டது. உச்சநீதிமன்றம் 2016இல் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் காட்டோர மக்களுக்குச் சிறிய காலமன்று. தன்னுடையது என்று உறுதியாகாத மரத்திற்கு நீண்டகாலக் கவனிப்பை யாரிடமும் எதிர்பார்க்க இயலாது.

விலையைப் பொறுத்தவரை, 2013-14இல் ஒன்றிய அரசு சிறு வனமகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கொட்டைப்புளிக்குக் கிலோவுக்கு 36 ரூபாயும் காட்டுத்தேனுக்கு 225 ரூபாயும் குறிக்கப்பட்டன. விலைப்பட்டியல் பயன்தர வேண்டுமாயின் கொள்முதல் நிலையம் மலையடிவாரத்தில் அறுவடை நாளில் திறந்திருக்க வேண்டும். பணமும் அன்றே கைக்கு வர வேண்டும். வணிகரின் முன்பணம் கார்த்திகையில் வருகிறது. அரசு விலை தையில்தான் வருகிறது. இந்த இரண்டு மாத இடைவெளியைக் கூட்டுறவுச் சங்கங்கள் கடனுதவியால் நிரப்பினாலொழியப் பழைய குத்தகை முறை மாறாது என்பது என் கருத்து.

தீர்ந்துபோக வேண்டிய பொருள்

காட்டுப்பொருள்கள் அனைத்தையும் அளவோடு எடுக்க வேண்டும் என்னும் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று காடுகளில் புதராக மண்டிப் புல்லையும் இளங்கன்றுகளையும் முளைக்கவிடாமல் செய்கிறது. மேய்ச்சல் குறையக் குறைய யானையும் மானும் வயலை நாடுகின்றன.

காவிரிக்கு அப்பால், அஞ்செட்டிக் காடுகளுக்கு அண்மையில் உள்ள மாதேசுவரன் மலையில், பெங்களூரைச் சேர்ந்த ஏட்ரீ என்னும் சூழலியல் ஆய்வு நிறுவனம் இச்செடியிலிருந்து அறைகலன்கள் செய்யச் சோளகர்களுக்குப் பயிற்சி அளித்தது. தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்தால் அவை பிரம்பைப்போல வளையும். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் இத்தண்டுகளைக் கொண்டே முழு உருவ யானைகளைச் செய்தனர். அவை 2021இல் இலண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. யானையின் மேய்ச்சல் நிலத்தைக் கவர்ந்த செடி யானை வடிவிலேயே கடல் கடந்தது! ஆயினும் காட்டில் பரவியுள்ள அளவை நோக்க, கைவினைஞர் வெட்டியெடுப்பது மிகச் சிறுபகுதியே. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தனிக்கொள்கை வெளியிட்டது. அகற்றும் பணியும் கைவினையும் ஒன்றையொன்று சார்ந்தால் கூலியும் காடும் ஒருங்கே பெருகும்.

வயலின் எல்லை

காட்டின் நலம் காட்டோடு முடிவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகுக்குப் பெயர்பெற்றது. கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் ஓசூரை அடுத்த சானமாவுக் காடுவரை வருகின்றன. ஒரே இரவில் ஓராண்டு உழைப்பு மிதிபட்டுப் போகலாம். இந்த இடரைத் தாங்கிக்கொண்டு உழவர் கேழ்வரகை விதைக்க வேண்டுமாயின் அதன் விலை கட்டுப்படியாக வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு குறித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். இப்பகுதிக் கேழ்வரகை அரசு கொள்முதல் செய்து நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கத் தொடங்கியது நல்ல திருப்பம். உழவு கட்டுப்படியாகாமல் போனால் காட்டோர நிலம் மனைப்பிரிவாகும். மனைப்பிரிவின் மதிற்சுவர் யானையின் வழியை அடைக்கும். கேழ்வரகின் விலைக்கும் யானையின் வழிக்கும் உள்ள இத்தொடர்பு எளிதில் கண்ணில் படுவதில்லை.

அமேசானும் ஓசூரும்

நிற்கும் காட்டின் வருவாய் வெட்டிய காட்டின் வருவாயினும் மிகுதி என்னும் வாதம் உலகின் கவனத்தை ஈர்த்தது 1980களின் இறுதியில். பிரேசிலில் இரப்பர் பால் வடிப்போரின் தலைவராக விளங்கிய சீக்கோ மென்டிசு, காட்டை மேய்ச்சல் நிலமாக்குவதை எதிர்த்ததனால் 1988 டிசம்பர் 22 அன்று கொல்லப்பட்டார். அவர் பெயரால் 1990இல் அமைந்த காப்புக்காட்டில் மக்கள் வாழ்ந்துகொண்டே இரப்பர் பாலும் கொட்டைகளும் சேகரிக்கின்றனர். 1989இல் நேச்சர் இதழில் வெளியான ஒரு கட்டுரை, பெருநாட்டின் அமேசான் காட்டில் ஒரு ஹெக்டேரின் கனிகளும் மரப்பாலும் நெடுங்காலத்தில் தரும் வருவாய், மரத்தை வெட்டுவதால் வருவதைவிட மிகுதி என்று கணக்கிட்டது. அனைத்துக் கனிகளையும் வாங்கச் சந்தை வேண்டுமே, தொலைவைக் கடக்கப் படகு வேண்டுமே என்று பின்வந்தோர் வினவினர். அவ்வினா நேர்மையானது.

ஓசூர்ப் பகுதியின் சிறப்பு இங்குதான் உள்ளது. அமேசானில் இல்லாத சந்தை இங்கு மலையடிவாரத்திலேயே நிற்கிறது. பெருநகரின் சமையலறைகளும், பழக்கூழ் ஆலைகளும், கொட்டை மாவை வாங்கும் நெசவுத் தொழிலும் சில மணி நேரத் தொலைவில் உள்ளன. ஆனால் அதே நகரம் இளைஞர்களையும் அழைக்கிறது. மாதச் சம்பளமும், வாயிலுக்கே வரும் ஆலைப் பேருந்தும் இருக்கையில், காப்புறுதியின்றி உயரமான கிளையில் ஏறி உலுக்க யார் முன்வருவர்? சிலர் இதைச் சோம்பல் என்பர், அக்கூற்று முறையன்று. விழுந்து கால் முறிந்தவரைத் தாங்க மலையூரில் ஓர் ஏற்பாடும் இல்லாதபோது ஆலையைத் தேர்வது அறிவுடைமையே. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 போன்ற ஒட்டுப் புளி நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கிறது. நாட்டு மரம்போல நெடிதுயர விடாமல் அதனைக் கவாத்து செய்து தாழ வளர்க்கலாம். அதைப் பட்டா நிலங்களில் நட்டு, காட்டிலுள்ள முதுமரங்களின் மீதான சுமையைக் குறைக்கலாம். மரமேறுவோருக்குக் காப்பீடும், கொட்டை தட்டும் பெண்களுக்கு எடைக்கேற்ற கூலியும், அஞ்செட்டிப் பகுதிக்கென ஒரு குளிர்பதனக் கிடங்கும் அமைந்தால் திண்ணைத் தொழில் ஆலைத் தொழிலோடு போட்டியிட முடியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு பழமையான புளியமரத்தின் உரிமையாளர் அல்லது குத்தகைதாரரோடு உரையாடி, மகசூல் எந்நிலையில், யாருக்கு விற்கப்படுகிறது என்பதைக் கேட்டு எழுதுக.

2. சாலை விரிவாக்கத்தின்போது வெட்டப்படும் ஒரு மரத்திற்கு இழப்பீடு கணக்கிடும் பொறுப்பு உங்களுக்கு அளிக்கப்பட்டால், எவற்றையெல்லாம் கணக்கில் கொள்வீர்கள்? வகுப்பில் விவாதிக்க.