பிரசவ லீவு: பேச்சு ஒன்று, சட்டம் ஒன்று

‘சம்பளத்தோட ஆறு மாசமா? அதெல்லாம் கவர்மென்ட் வேலைக்குத்தான்.’ தொழிற்பேட்டைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம்; அது தனிக் கணக்கு. ஆலை, தோட்டம், சுரங்கம், பத்துப் பேராவது வேலை செய்யும் கடை, அலுவலகம் இவற்றிலெல்லாம் 26 வாரம் என்பது 2017 முதல் சட்டம். 1961-ம் ஆண்டுச் சட்டம் கொடுத்த 12 வாரம்தான் அப்போது 26 ஆனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது.

அடுத்த பேச்சு இன்னும் பொல்லாதது: ‘நீ கான்ட்ராக்ட், உனக்குக் கிடையாது.’ சூப்பர்வைசர் வாயிலிருந்து இது வந்துவிட்டால், எதிர்த்துக் கேட்காமல் வேலையை விட்டு நின்றுவிடும் பெண்கள் உண்டு. டெல்லி மாநகராட்சியும் தன் தினக்கூலிப் பெண்களிடம் இதையேதான் சொன்னது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிரந்தரப் பணியாளருக்கு உள்ள உரிமை தினக்கூலிக்கும் உண்டு என்றது. 2023-ல் ஒரு படி மேலே போய், விடுப்பின் நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும் மீதிக் காலத்துக்கும் பணம் தர வேண்டும் என்றது. ஒரு வருட சர்வீஸ் வேண்டும் என்பதும் கட்டுக்கதை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்.

‘பாவம், ஓனர் பணத்துக்கு எங்கே போவார்?’ அவர் எங்கும் போக வேண்டாம். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்குப் பணம் தருவது இ.எஸ்.ஐ.தான். அதற்காகத்தான் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது. சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியவர்களின் செலவு மட்டும் முழுக்க நிறுவனத்தின் தலையில் விழுகிறது. கல்யாணமான பெண் என்றதும் இன்டர்வியூவில் முகம் சுளிக்க இதுவும் ஒரு காரணம். அந்தச் செலவையும் பொது நிதியிலிருந்து கொடுப்பதே சரி என்பேன்.

மூன்றாவது குழந்தைக்கு எதுவுமே இல்லையா? சட்டப்படி 12 வாரம் உண்டு. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருப்பதைச் சொல்லி, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கரு கலைந்தால் லீவு இல்லை என்பதும் பொய். ஆறு வாரம் உண்டு, அதுவும் சம்பளத்தோடு.

அப்பாக்கள் விஷயத்தில் தலைகீழ். ‘இப்போ ஆம்பளைங்களுக்கும் லீவு வந்தாச்சு’ என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. அங்கே எல்லாம் நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது.

பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். அப்படி நீக்கினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நாளைக் கடத்தாமல் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது சம்பளச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.