எடுத்து வளர்த்தால் போதுமா?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சீன முகத்தோடு சேலை கட்டி, பூ வைத்து, பூக்காரரிடம் தமிழில் பேரம் பேசும் பாட்டிகளை வியப்பாகப் பார்ப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். வறுமையாலோ, பெண்ணாகப் பிறந்ததாலோ சீனக் குடும்பங்கள் கொடுத்த பிள்ளைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது மலாயாவில் ஊரறிந்த கதை. அன்றைக்கு வாய்ப்பேச்சே பத்திரமாக இருந்தது. அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. மலேசியச் சட்டம் எப்போதோ மாறிவிட்டது.

நம்பிக்கை: தாயே மனமுவந்து கொடுத்தாள், சத்தியக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாள். அப்புறம் என்ன?

உண்மை: அந்தக் கடிதம் அவள் சொன்னதற்குத்தான் சாட்சி, பிள்ளைமீது யாருக்கும் உரிமை தராது. பிறர் பிள்ளையைப் பராமரிப்பில் எடுத்தவரும் கொடுத்தவரும் ஒரு வாரத்துக்குள் சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம்.

நம்பிக்கை: வளர்ப்புப் பிள்ளையும் தத்துப் பிள்ளையும் ஒன்றுதான்.

உண்மை: இரண்டும் வேறு. பெற்றோர் இல்லாத, அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை, இலாகா தகுதியானவர் என்று ஏற்ற வளர்ப்புப் பெற்றோரிடம் சிறார் நீதிமன்றம் ஒப்படைக்கலாம். இது இரண்டு ஆண்டுக்கு, அல்லது பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை; எது முந்துகிறதோ அதுவரை. இலாகாவிடம் இதற்கென மாத உதவித்தொகைத் திட்டமும் உண்டு.

தத்து நிரந்தரமானது. முஸ்லிம் அல்லாதவர்கள் 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போகலாம். மனு செய்பவருக்குப் பொதுவாக 25 வயதாகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். ஆணைக்கு முன் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் அவர் பராமரிப்பில் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். இரண்டாவது வழி, இரண்டு ஆண்டு வளர்த்தபின் தேசியப் பதிவு இலாகாவில் பதிவது.

நம்பிக்கை: தத்துப் பத்திரம் வந்தால் குடியுரிமையும் கூடவே வரும்.

உண்மை: அதிகக் கண்ணீரை வரவழைக்கும் நம்பிக்கை இதுதான். பன்னிரண்டு வயதில் வகுப்பே அடையாள அட்டை எடுக்கப் போகும்போது, ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் 'புக்கான் வார்கநெகாரா' என்று அச்சாகியிருக்கும். குடிமகன் அல்ல என்று பொருள். திருமணப் பதிவு இல்லாத உறவில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயை ஒட்டியே தீர்மானமாகிறது. தாய் வெளிநாட்டவர் என்றாலோ, யாரென்றே தெரியாவிட்டாலோ, வளர்ப்பவர்கள் குடிமக்கள் என்பதைக் காட்டும் நீல அடையாள அட்டை பிள்ளைக்குக் கைகொடுக்காது. அரசமைப்பின் 15A பிரிவின்கீழ் வயது வரம்புக்குள் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆனால் பிறந்தவுடன் கைவிடப்பட்ட பிள்ளைகளின் குடியுரிமைக்கு அரசமைப்பிலேயே ஒரு பிடிமானம் உண்டு. கைவிடப்பட்டுத் தத்துப் போன ஒரு பிள்ளையின் வழக்கில், 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் அவன் குடிமகனே என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிடிமானத்தைத் தளர்த்தும் திருத்தத்தை அரசாங்கம் முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 மார்ச்சில் கைவிட்டது.

நம்பிக்கை: இந்த அலைச்சலுக்கு இல்லத்தில் விடுவதே நல்லது, வேளாவேளைக்குச் சோறாவது கிடைக்கும்.

உண்மை: சுவாமி சத்தியானந்தா தொடங்கி, அன்னை மங்களம் பல்லாண்டு நடத்திய பூச்சோங் சுத்த சமாஜத்தைப் போன்ற இல்லங்கள் தலைமுறைகளை ஆளாக்கியிருக்கின்றன. ஆனால் கைக்குழந்தைக்குத் தேவை, அழுதால் தூக்கும் அதே இரண்டு கைகள். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியில் முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் குடும்பச் சூழலில்தான் வளர்க்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 2009 வழிகாட்டி. வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

ஆக, யாராவது ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்தால், 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அன்றைக்கே அழைக்கலாம். அருகிலுள்ள சமூக நல இலாகாவுக்கும் போகலாம். தீபகற்பத்தில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம். பெற்றவள் வாடகை வீட்டையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விடுவதற்கு முன், அவளை அடையாள அட்டையோடும் மருத்துவமனைச் சீட்டோடும் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போக வேண்டிய நாட்கள் அவை.